ஜீரோ எடுப்பது யார்?

மும்பை குர்லாவில் ஒரு பட்டறையில் இருபத்தாறு வருஷம் சி.என்.சி. மெஷின் ஓட்டியவன் நான். கம்ப்யூட்டர் சொல்கிற அளவுக்கு இரும்பைக் கடைகிற மெஷின் அது. அதனால்தான் செம்பூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "ரோபோ வெச்சு இடுப்பு மூட்டு மாத்திடலாம்" என்றபோது என் மனைவிக்கு வந்த நிம்மதி எனக்கு வரவில்லை.

வலது தொடை எலும்பின் உருண்டைத் தலை ரத்த ஓட்டம் இல்லாமல் செத்துப்போயிருந்தது. தாராவியில் எங்கள் மாடி வீட்டு இரும்பு ஏணியில் படிக்குப் படி நின்றுதான் ஏறுவேன். ஆபரேஷன் வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. சந்தேகம் மெஷின் மேல்தான். மெஷின் தப்பு செய்யாது, சொன்னதைச் செய்யும். ஆனால் எங்கிருந்து அளக்க ஆரம்பிக்க வேண்டும் என்று அதற்கு ஒரு ஆள் காட்டித் தர வேண்டும். பட்டறையில் அதை 'ஜீரோ எடுப்பது' என்போம். ஒரு காலை ஷிப்டில் அவசரத்தில் நான் தப்பாக எடுத்து, நாற்பது உருப்படி ஒரே மாதிரி அழகாகக் கெட்டுப்போயின.

"ஜீரோ யாரு எடுப்பா?" என்று கேட்டேன்.

டாக்டரம்மா மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். கேள்வி புரியாமல் என் மனைவியைப் பார்த்தார். நான் விளக்கிச் சொன்னதும் சிரிக்கவில்லை.

"நான்தான். ஸ்கேன் படம் கம்ப்யூட்டர்ல இருக்கும். உங்க எலும்பைப் பல இடத்துல ஒரு கருவி முனையால தொட்டுக் காட்டுவேன். படமும் எலும்பும் பொருந்தினாத்தான் மெஷினோட கை வேலை செய்யும். அந்தக் கையையும் நான்தான் பிடிச்சுண்டிருப்பேன்."

"பொருந்தலேன்னா?"

"திரும்ப எடுப்பேன். அப்பவும் பொருந்தலேன்னா மெஷினைத் தள்ளி வெச்சுட்டு கையாலேயே செய்வேன். இத்தனை வருஷம் அப்படித்தானே செஞ்சேன்."

சரியான பதில். சரியான பதில் மீதும் எனக்குச் சந்தேகம் வரும். வெளியே வந்ததும் மனைவி, "ஏங்க, பொம்பள டாக்டருன்னுதான் இப்படிக் குடையுதியளா?" என்றாள்.

"ஏளா, மெஷின்காரன் யாரா இருந்தாலும் கேக்குற கேள்வி இது."

ஆபரேஷன் அன்று இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்டார்கள். படுத்தபடி பார்த்தேன். கண்ணாடி போட்ட ஒருவர் கம்ப்யூட்டர் முன்னால் நின்று எதையோ தட்டிக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை.

"அவரு டாக்டரா?"

டாக்டரம்மா தயங்கினார். "இல்ல, மெஷின் கம்பெனி ஆள். கம்ப்யூட்டரைப் பாத்துப்பார். உங்களைத் தொடமாட்டார். முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு."

எழுந்து போய்விடலாமென்றால் கால் இரண்டும் என் வசம் இல்லை. "எவ்வளவு பொருந்துதுன்னு காட்டுற நம்பரை அவரு சொல்லி நீங்க கேக்கக் கூடாது. நீங்களே பாக்கணும்" என்றேன். "பாக்கறேன்" என்றார்.

அரைத்தூக்கத்தில் கிடந்தேன். மறைப்புத் துணிக்கு அந்தப் பக்கம் கம்பெனி ஆள் இந்தியில், "சலேகா, மேடம்" என்றது கேட்டது. இது போதும் என்கிறான். டாக்டரம்மா, "நஹீ, ஃபிர் ஸே" என்றார். மறுபடியும் முதலிலிருந்து எலும்பைத் தொட ஆரம்பித்தார். அந்த நிமிஷம் பயந்தேனா, ஆறுதல் பட்டேனா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் வாக்கரைப் பிடித்து நின்றபோது பழைய வலி இல்லை. ஆனால் வலது கால் நீண்டுவிட்ட மாதிரி இருந்தது. தையல் டேப்பால் மூன்று தரம் அளந்தேன், மூன்று அளவு வந்தது. டாக்டரம்மா எக்ஸ்ரேயில் கோடு போட்டுக் காட்டினார். "ரெண்டும் சமம். இவ்வளவு நாள் சாஞ்சே நடந்திருக்கேள். உடம்பு நிமிரக் கொஞ்சம் நாளாகும்." கோடு நேராகத்தான் போட்டாரா என்று கூர்ந்து பார்த்தேன். ஆறேழு வாரத்தில் அந்த நினைப்பு தானாகப் போனது.

ஆறாம் மாதம் காட்டப் போனபோது டாக்டரம்மா, "இதே ஆபரேஷனுக்கு ஒரு அம்மா பயப்படறாங்க. கொஞ்சம் பேசறேளா?" என்றார்.

"பேசுதேன். ஆனா திரும்ப எடுத்ததையும் கம்பெனி ஆளையும் சேத்துத்தான் சொல்லுவேன்."

யோசித்தார். "சொல்லுங்கோ."

அந்த அம்மா தூத்துக்குடிப் பக்கம், கழுத்தில் சிலுவை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இப்படிச் சொல்லச் சொல்லி அவங்கதான் உங்களை அனுப்பினாங்களோ?" என்றார்.

"பேசச் சொன்னாங்க. சொன்னதெல்லாம் நான் பட்டது."

"அப்போ அந்தக் கதவு வரைக்கும் நடந்து காட்டுங்க."

நடந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.