லோகநாதன் சார் அடிக்கவில்லை

மாணவனை அடித்தார் என்று சொல்லி லோகநாதன் சாரை வேலையை விட்டு அனுப்பினார்கள். அவர் அடிக்கவில்லை.

ஃபேஸ்புக்கில் எப்போது பார்த்தாலும் இதையே எழுதுகிறேன் என்று சலித்துக்கொள்கிறீர்கள். சலித்துக்கொள்ளுங்கள்.

வேர்வையில் ஊறிய பாக்சிங் கிளவுசின் நாற்றம் தெரியுமா? சித்தூரில் அரிசி மண்டிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை... எங்கள் வாலிபம் முழுக்க அந்த நாற்றம்தான். நான் பார்த்துப் பார்த்துக் கற்றவன். லோகநாதன் அப்போதே ஸ்டேட் சாம்பியன். நகரியில் தறி ஓட்டுகிற வீட்டுப் பிள்ளை.

இரண்டு கையையும் பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு என் எதிரில் நிற்பான். "மூஞ்சியிலயே குத்துடா" என்பான். நான் குத்துவேன். தலை மட்டும் இத்தனூண்டு நகரும். குத்து காற்றில் போகும், பின்னாலேயே நானும் போய் விழுவேன்.

"இன்னாடா, ஈ ஓட்டிக்கினு கீறியா?"

பிறகு பி.எட். முடித்து, திருப்பதியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார் ஆனார். அன்றிலிருந்து எனக்கும் அவர் சார்தான். வகுப்பில் கோபம் வந்தால் கை தானாகப் பாக்கெட்டுக்குள் போய்விடும்.

அன்றைக்கும் போனது. பரீட்சையில் காப்பி அடித்த பையனை எழுப்பி நிற்க வைத்தார். அவமானத்தில் அவன் ஓங்கிக் குத்தினான். சாரின் தலை பழைய பழக்கத்தில் நகர்ந்துவிட்டது. குத்து பின்னால் இருந்த ஜன்னல் கண்ணாடியில்...

ஓடி வந்தவர்கள் ரத்தத்தைப் பார்த்தார்கள். எதிரில் நின்ற பாக்சரைப் பார்த்தார்கள். "சார் அடிச்சாரு, கண்ணாடி மேல வுழுந்தேன்" என்றான் பையன். வகுப்பே வாயை மூடிக்கொண்டது.

காணிப்பாக்கம் குளத்தில் முழுகி, பிள்ளையார் எதிரில் சத்தியம் செய்தால் பொய் நிற்காது. எங்கள் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக வழக்கு தீர்வது அப்படித்தான். "வாங்க, நானும் முழுகறேன், அவனும் முழுகட்டும்" என்று சார் கூப்பிட்டார். கரஸ்பாண்டென்ட் சிரித்தார். "இது ஸ்கூலுங்க, கோயில் இல்ல."

அந்தப் பையன் இன்றைக்கு ஸ்ரீ சிட்டித் தொழிற்பேட்டையில் சூப்பர்வைசர். நான் எழுதுவதைப் படித்திருப்பான் போல, சமீபத்தில் அதே கோயில் வாசலில் என்னைப் பார்த்து அவனாக வந்தான்.

"சார் கை பாக்கெட்டுலயேதான் இருந்துச்சு தாத்தா."

"இத உள்ள வந்து சொல்லு."

"இப்ப எதுக்கு தாத்தா? வுட்டுடு. பொண்டாட்டி வந்துகினு இருக்கா."

சார் சித்தூரில் படுக்கையில் இருக்கிறார். ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது. சாம்பியன் ஆனது நினைவில்லை, பள்ளிக்கூடம் நினைவில்லை. நான் மாத்திரையோடு கையை நீட்டினால் மட்டும் தலை இத்தனூண்டு நகர்கிறது. பிறகு, யாரும் கேட்காமலே, "நான் அடிக்கல" என்கிறார்.

அன்று என்னை விழவைத்துச் சிரித்த தலை அது.

அந்தப் பையன் குளத்தில் முழுகிவிட்டு உண்மையைச் சொல்ல வேண்டும். பொண்டாட்டியும் கூட நிற்கட்டும். கரஸ்பாண்டென்ட் அங்கே வந்து அதைக் கேட்க வேண்டும். அன்று வகுப்பில் இருந்தவர்கள், இதைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், கீழே பெயரோடு எழுத வேண்டும். பிறகு எல்லோருமாகச் சித்தூருக்கு வந்து, "நீங்க அடிக்கல சார்" என்று அவரிடம் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

சீக்கிரம் வாருங்கள். காது மட்டும் இன்னும் கேட்கிறது.