தேர்ச்சி அறிக்கையில் நான் எழுதிய சொல்

போர் எங்கள் வாசற்படலைவரை வந்துவிட்டிருந்த காலம். களுவாஞ்சிக்குடிக்கு அண்மையிலுள்ள பாடசாலையொன்றில் பத்தாம் வகுப்புக்கு நான் பொறுப்பாசிரியன். தவணை முடிவில் தேர்ச்சி அறிக்கைகளை எழுத அமர்ந்தபோது, உடற்கல்வி ஆசிரியர் தந்த பட்டியல் என்னை உறுத்தியது. வகுப்பு முழுவதற்கும் ஒரே தரம்: சாதாரணம்.

போட்டிகளில் எல்லாரையும் முந்தி ஓடிய மாணவிக்கும் சாதாரணம். மைதானத்தை ஒருமுறை சுற்றினாலே உட்கார்ந்துவிடும் மாணவிக்கும் சாதாரணம். பின்னவள் அந்த ஆசிரியரின் உறவுக்காரப் பிள்ளை. அவளைத் தூக்கிவிடவே எல்லாரையும் சமமாக்கினார் என்பதற்கு எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

"ஓடின பிள்ளைக்கும் இருந்த பிள்ளைக்கும் ஒரே தரமோ, மாஸ்டர்?" என்று கேட்டேன்.

அவர் யன்னலுக்கு வெளியே ஒருமுறை பார்த்துக்கொண்டார். "சாதாரணமெண்டே கிடக்கட்டும் சேர். கடதாசியில கெட்டிக்காரியா இருந்து என்னத்துக்கு?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு என் ஐயத்தை உறுதியாக்கியது.

அவர் தந்த தரத்தைத் தள்ளிவிட்டு, ஓட்டக்காரியின் அறிக்கையில் நானே எழுதினேன். கல்லூரியில் தமிழை முறையாகக் கற்றவன் நான். 'உடலியக்கத்தில் தலைசிறந்தவள்' என்பதே நான் எண்ணிய தொடர். கட்டம் போதவில்லை. 'உடல்' என்பதை விடுத்து, 'இயக்கத்தில் தலைசிறந்தவள்' என்று முத்து முத்தாக எழுதிக் கையளித்தேன். அந்நாளில் அச்சொல்லுக்கு ஆயுதம் ஏந்தியவர்கள் என்ற ஒரே பொருள்தான் எங்கள் பகுதியில் வழங்கியது. அது எனக்கு மட்டும் தோன்றவில்லை.

மறுநாள் அவளுடைய தாய் பாடசாலைக்கு ஓடி வந்தார். வாவி கடக்கும் துறையடியில் இராணுவச் சாவடி. தான் பாடசாலைப் பிள்ளைதான் என்று காட்ட மகள் அறிக்கையை நீட்டியிருக்கிறாள். தமிழ் தெரிந்த சிப்பாய் ஒருவன் வாசித்திருக்கிறான்.

"ஓடுற புள்ளைய இயக்கமெண்டு எழுதி வச்சிரிக்கீங்களே சேர்! புள்ளையப் புடிச்சி இருத்தி வச்சிரிக்கானுகள்!"

உடற்கல்வி ஆசிரியர் பாடநூலை எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார். நானும் பின்னால் போனேன்.

சாவடியில் அவர் நூலைத் திறந்து 'உடலியக்கம்' என்ற தலைப்பைக் காட்டினார். அவர்கள் நம்பவில்லை. உடனே கொளுத்தும் வெயிலில் கைகளை உயர்த்தி, குந்தி, எழுந்து, துள்ளிக் காட்டினார். "இதுதான் ஐயா இயக்கம்!" சிப்பாய்கள் சிரித்துவிட்டார்கள்.

தமிழ் தெரிந்தவன் மட்டும் சிரிக்கவில்லை. "யார் எழுதினது?"

"நான்தான். எனக்குத் தமிழ் கொஞ்சம் மட்டம், ஐயா," என்றார் உடற்கல்வி ஆசிரியர்.

நான் இரண்டடி தள்ளி நின்றேன். வாய் திறக்கவில்லை.

நண்பகலில் பிள்ளையை விட்டார்கள். சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "இனிச் சாதாரணமெண்டு போடுவமா, சேர்?" நன்றாக ஓடும் பிள்ளை யாரென்று தாளில் கிடந்தால், அவளைத் தேடி வர, ஆள் சேர்க்கும் இயக்கம், சந்தேகிக்கும் இராணுவம் என இரு பக்கத்திலும் ஆட்கள் இருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதன்பின் எத்தனையோ மேடைகளில் என் தமிழைப் புகழ்ந்து மாலையிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும், தன் தமிழ் மட்டம் என்று எனக்காகச் சொன்ன அந்த மனிதர் நினைவில் வந்து நிற்க, கழுத்தை நீட்டக் கூசுகிறது.