முடிவு பார்க்காத அலியார்

நாலரை மணிக்கு எழும்பினால்தான் சரி. திரையில் யார் அழுதாலும், யாருடைய கழுத்தில் கத்தி நின்றாலும், அலியார் வெறும் காவுதடியைத் தோளில் வைத்துக்கொண்டு, பின்னால் இருப்பவர்களின் ஏச்சையும் வாங்கிக்கொண்டு, தியேட்டர்க் கலரியை விட்டு வெளியே வந்துவிடுவார். கடல் கடந்து மூதூருக்குப் போகும் கடைசி லாஞ்சு ஐந்து மணிக்கு. அது யாருக்காகவும் காத்து நிற்பதில்லை.

சனிக்கிழமைகளில் மூதூரிலிருந்து எருமைத் தயிர் கொண்டுவந்து திருகோணமலைத் தெருக்களில் விற்பது அவர் தொழில். மதியத்துக்குள் காவுதடியில் தொங்கும் சட்டிகள் முடிந்துவிடும். பிறகு ஐந்து மணிவரை வெயிலில் எங்கே நிற்பது? தியேட்டருக்குள் காற்றாடி சுற்றும். அப்படி ஒதுங்கத் தொடங்கிப் பதினைந்து வருடமாகிறது. ஒரு பாண் ரொட்டி வாங்க வரிசையில் நிற்கிற இந்தக் காலத்திலும் கலரி டிக்கெட்டை அவர் விட்டதில்லை.

படங்களின் பெயர்கள் அவர் வாயில் நிற்பதில்லை. ஊரெல்லாம் மூன்று தடவை பார்த்து அழுத படம் அவருக்கு ‘அந்த மாட்டுக்காரிப் படம்’. அதைப்பற்றிக் கேட்டால் முகத்தைச் சுளிப்பார். “கை நிறைய வளையலைப் போட்டுக் குலுக்கிக் குலுக்கிக் கறக்கிறா. எந்த மாடு நிக்கும்? என்ட எருமையெண்டால் ஆளையும் செம்பையும் சேர்த்து உதைச்சிருக்கும்.” நூறு நாள் ஓடிய ராசா படத்தில் போரும் வாளும் அவரை அசைக்கவில்லை. “அவ்வளவு குதிரை வந்திச்சே, ஒண்டாவது புல்லுத் திண்டுதா?” என்று மட்டும் கேட்டார்.

லாஞ்சு வந்து கட்டும் ஜெட்டியில் வெற்றிலை விற்கும் தம்பிராசா சும்மா இருக்கமாட்டார். “அலியார் காக்கா, நீங்க போன பிறகு படத்தில அந்தப் பொடியன் செத்துப்போனான்” என்று சீண்டுவார். அலியார் லாஞ்சில் ஏறியபடியே சொல்வார்: “நீங்க பாத்ததில செத்திருப்பான். நான் எழும்பக்குள்ள உசிரோடதான் இருந்தான்.”

காதல் படங்களில் அவர் எப்போதும் பெண்ணின் தகப்பன் கட்சி. “அந்த மனிசன் படுகிற பாட்டை ஒருத்தனும் யோசிக்கிறானில்ல” என்பார். அதைச் சொல்லும்போது குரல் தடித்துவிடும்.

காரணம் உண்டு. அவர்கள் வழக்கத்தில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியிருப்பான். ஒரே மகள் ஸுல்பிகாவுக்காக அலியார் தம் வீட்டு வளவிலேயே கல்வீடு கட்டினார். கூரை போட்ட மாதம், வாப்பா பேசி வைத்த மாப்பிள்ளை வேண்டாமென்று, புல்மோட்டையில் மணல் தொழிற்சாலையில் வேலைசெய்யும் அபூதாஹிரைக் கட்டிக்கொண்டு அவள் அவன் ஊருக்கே போய்விட்டாள். ஆறு வருடம் ஓடிவிட்டது. வீடு பூட்டியபடி நிற்கிறது. “வீடு இங்க கிடக்கு. வாறதெண்டால் அவ வரட்டும். மருமகன்ட வாசலுக்கு நான் போறதா?” என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

படம் பார்த்து வீடு திரும்பியதும் மனைவி நஜ்முன் நிஸா கதை கேட்பாள். பார்க்காத முடிவை அலியார் தாமே செய்து சொல்வார். எந்தப் படமானாலும் கடைசியில் மகள் திரும்பி வந்து வாப்பாவின் காலைப் பிடித்து அழுவாள். ராசா படத்திலும் அப்படித்தான். நஜ்முன் நிஸா வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு சொல் மறுத்துப் பேசமாட்டாள்.

போன மாரிக்காலத்தில் ஒரு சனிக்கிழமை கடல் கொந்தளித்தது. லாஞ்சு ஓடாது என்று மதியமே சொல்லிவிட்டார்கள். அன்றுதான் முதன்முதலாக அலியார் நாலரைக்கு எழும்பவில்லை. திரையில், மகளோடு கோபித்துக்கொண்ட ஒரு தகப்பன். இனி மகள் வருவாள் என்று இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மகள் வரவில்லை. அந்தக் கிழவன் தானே நடந்து போய் அவள் வீட்டுக் கதவைத் தட்டினான். விளக்குகள் எரிந்த பிறகும் அலியார் வாங்குப் பலகையிலேயே இருந்தார். தரை கூட்ட வந்தவன்தான் அவரை எழுப்பினான்.

மறுநாள் கடல் அடங்கி வீடு வந்து சேர்ந்ததும் வழக்கமான கேள்வி. “கடைசியில என்ன நடந்த?”

ஏனோ அன்று பொய் சொல்ல வாய் வரவில்லை. “வாப்பா போய்க் கதவைத் தட்டினார்.”

நஜ்முன் நிஸாவின் கை நின்றது. “ஆரு? வாப்பாவா?”

“ஓம்.”

“மகள் என்ன சொன்னா?”

“ஒண்டும் சொல்லல்ல. கதவைத் திறந்தா.”

அவள் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். “ஆறு வருசமா எல்லாப் படத்திலயும் மகளைத்தானே காலில விழுத்தினீங்க. ஒரு வாப்பாவையாவது போக விட்டீங்களா?”

அலியார் எழும்பிப் போய், பூட்டிக் கிடந்த கல்வீட்டின் வாசலில் உட்கார்ந்தார்.

அடுத்த சனிக்கிழமை மதியம் அவர் தியேட்டர்ப் பக்கம் போகவில்லை. ஒரு சட்டியை மட்டும் விற்காமல் கையில் வைத்துக்கொண்டு புல்மோட்டை பஸ்ஸில் ஏறினார். நிலாவெளி போயிற்று, குச்சவெளி போயிற்று. இறங்கி, இரண்டு பேரிடம் விசாரித்து, ஓலைவேலி போட்ட ஒரு சின்ன வீட்டின் முன்னால் வந்து நின்றார். கதவு சாத்தியிருந்தது. தட்டக் கையை உயர்த்தினார், கை போகவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட நினைத்தார், ஆறு வருடம் கூப்பிடாத பெயர் வாயில் வரவில்லை. மூடிய கதவுகளின் முன்னால் காலமெல்லாம் நின்ற அந்த மனிதருக்குப் பழகிய சொல் ஒன்றுதான். சட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தெருவில் கூவுகிற அதே குரலில், “தயிர்... தயிரோ தயிர்!” என்று கூப்பிட்டார்.