நஃபீசா டீச்சர் வீட்டு ஜன்னலின் மூன்று ஓட்டைகள்

ஷகிலாவின் போன் வந்தபோது நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். அவள் நஃபீசா டீச்சரின் தம்பி மகள். "டீச்சரம்மா, எங்க மாமி பூட்டாங்க. காலையில தொழுதுட்டுப் படுத்தாங்க, அப்பறம் எழுந்துக்கவேயில்ல" என்று சொல்லிவிட்டு அழுதாள். கஞ்சி மேடையெல்லாம் வழிந்து காலில் சொட்டிய பிறகுதான் சட்டியை நிமிர்த்தினேன். எனக்கு உடனே அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. எதற்குப் பயம் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அவரோடு வேலை பார்த்தவர்கள், அவரிடம் படித்தவர்கள், பழவேற்காட்டில் அவர் தெருவில் குடியிருந்தவர்கள் எல்லோரும் படிக்க வேண்டும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

அவரைப் பற்றி இப்போது பலரும் பலவிதமாகப் பேசுவார்கள். கண்டிப்பானவர், கணக்கில் புலி, யாருக்கும் தலைவணங்காதவர் என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அவருடன் பதினோரு வருடம் ஒரே பள்ளியில் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், நஃபீசா டீச்சர் சரியான பயந்தாங்கொள்ளி. இதை அவர் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன். அவரும் மறுத்ததில்லை.

எழுபதுகளின் நடுவில், ஏரிக்குள் இருக்கும் ஒரு தீவுக் குப்பத்தின் ஆரம்பப் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. அங்கே ஏற்கெனவே இருந்த ஒரே ஆசிரியை அவர்; என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் லைட்ஹவுஸ் குப்பத்துக்காரி. காலையில் ஒரு படகில் ஊருக்கு வந்து, துறையில் காத்திருக்கும் அவரோடு இன்னொரு படகில் பள்ளிக்குப் போவேன். படகின் நடுப்பலகையில் உட்கார்ந்து, ஒரு கையால் பலகையையும் மறு கையால் என் முந்தானையையும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி எதையோ ஓதிக்கொண்டே வருவார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

"முழங்கால் தண்ணிதான் டீச்சர். எறங்கி நடந்தே பூடலாம்" என்பேன்.

"முழங்கால் தண்ணின்னு மூக்குக்குத் தெரியுமா? குப்புற வுழுந்தா அவ்ளோதான்."

"அவ்ளோ பயம்னா ஒரு நாள் லீவு போடுறது?"

"பயம்னு எந்த லீவுல எழுதுவ கஸ்தூரி? அதுக்கு அரசாங்கத்துல லீவே கெடையாது."

அந்தப் பதினோரு வருடத்தில் காற்றைக் காரணம் காட்டி அவர் ஒரு நாளும் நின்றதில்லை. காற்றைக் காரணம் காட்டி நான் நின்ற நாட்கள் உண்டு. படகுக்காரர் வீட்டுப் பெண் சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவருடைய உம்மாவுக்கு மூச்சிரைப்பு முற்றிவிட்டது. உப்புக்காற்றும் புழுதியும் ஆகாது என்று பொன்னேரி டாக்டர் சொல்லிவிட்டார். பழவேற்காட்டில் உப்புக்காற்று இல்லாத இடத்துக்கு எங்கே போவது? குவைத்தில் வேலை பார்த்த தம்பி ஒரு ஜன்னல் அனுப்பினான். அலுமினியச் சட்டம், நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டு இரண்டு கண்ணாடி. வைக்கோல் அடைத்த பெட்டியில் அது லாரியில் வந்து இறங்கிய அன்று தெருவே கூடிவிட்டது. "ஒரு ஜன்னலுக்கு இன்னாத்துக்கு ரெண்டு கண்ணாடி?" என்று ஒருவர் கேட்க, "ஒண்ணு ஒடஞ்சா இன்னொண்ணு இருக்கட்டும்னுதான்" என்று இன்னொருவர் விளக்கம் சொன்னார். உம்மா படுத்திருந்த தரைத்தள அறையில், சந்துப் பக்கச் சுவரில் அதைப் பொருத்தினார்கள். அந்த வீட்டில் காங்கிரீட் கூரை போட்ட அறை அது ஒன்றுதான். மற்றதெல்லாம் பழைய ஓட்டு வீடு.

ஜன்னலை மூடியதும் காற்றும் புழுதியும் நின்றன. உம்மா நன்றாகத் தூங்க ஆரம்பித்தார். டீச்சர் தூக்கத்தைத் தொலைத்தார். "கடல் சத்தமே கேக்க மாட்டேங்குது கஸ்தூரி. அது இன்னா பண்ணுதுன்னே தெரியல" என்று கலங்கினார். அறையிலிருந்து நடு நடுவே எழுந்து வாசலுக்குப் போய்க் காது கொடுத்துவிட்டு வருவாராம்.

அந்த ஜன்னலுக்கும் நோய்கள் வந்தன. முதலில் கைப்பிடி இறுகியது. தச்சரைக் கூப்பிட்டார். அவர் தட்டிப் பார்த்து, "மரமா இருந்தா எழைச்சுக் குடுத்துடுவேன்மா, இது இன்னா பண்றது" என்று போய்விட்டார். நான் தேங்காயெண்ணெய் விடச் சொன்னேன். விட்டதும் இரண்டு நாள் வழுக்கியது. அப்புறம் அதில் மணலும் உப்பும் ஒட்டிக் கல்லாகிவிட்டது. டீச்சர் மண்ணெண்ணெயால் கழுவி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டார். திரும்பியது. கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர் பட்டை மூலைகளில் சுருங்கி வெளியே வந்தபோது, சோப்புத் தண்ணீர் தடவி, கரண்டிக் காம்பால் அழுத்தி அழுத்தி உள்ளே தள்ளினார். ஒவ்வொரு முறையும் அவர் கை நடுங்கும். கண்ணாடி வெடித்துவிடும், சட்டம் காலில் விழும், உம்மாவுக்கு ஏதாவது ஆகும் என்று வாய் புலம்பிக்கொண்டே இருக்கும். கை மட்டும் வேலையை நிறுத்தாது.

"இவ்ளோ பயந்துகிட்டு ஏன் டீச்சர் தொடுறீங்க?" என்று கேட்டேன்.

"தொடாம இருந்தா இன்னும் பயமா இருக்குது" என்றார்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

ஒரு வருடம் மழை தொடங்கிய புதிதில், உம்மாவுக்கு மருந்து வாங்க அவர் பொன்னேரிக்குப் போனார். நான் துணைக்கு இருந்தேன். மழை விட்டதும் சந்துப் பக்கம் போனபோது, ஜன்னல் சட்டத்தின் அடியில் நகக்கண் அளவு மூன்று ஓட்டைகளைப் பார்த்தேன். அவற்றிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. எங்கள் ஆட்களுக்கு ஓட்டையும் தண்ணீரும் சேர்ந்து கண்ணில் பட்டால் யோசிப்பதற்கு எதுவும் இல்லை. படகில் ஓட்டை என்றால் அடைப்போம். நல்ல ஓட்டை, கெட்ட ஓட்டை என்று எங்களுக்குக் கிடையாது. மறுநாளே என் நைனாவிடமிருந்து பஞ்சும், படகுக்குக் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சும் பசையும் கொஞ்சம் வாங்கி வந்தேன். டீச்சர் தொழுகையில் இருந்த நேரம் பார்த்து மூன்றையும் கெட்டியாக அடைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் யார் தொட்டது, என்ன ஆகும் என்று பயந்தே ஒரு வாரம் தூங்க மாட்டார். நல்லதுதானே செய்தோம் என்று எனக்குள் பெருமை வேறு.

ஒரு மாதத்தில் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் வெள்ளையாகப் பனி படர்ந்தது. உள்பக்கம் துடைத்தாலும் போகவில்லை, வெளிப்பக்கம் துடைத்தாலும் போகவில்லை. "எங்கேருந்து ஈரம் போவுதுன்னே புரியலையே" என்று அவர் தவித்தார். எனக்கும் புரியவில்லை என்பதுதான் உண்மை.

கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தது. குப்பத்தை விட்டு எல்லோரும் கிளம்பினோம். நைனாவும் அம்மாவும் ஊருக்குள் ஒரு பெரிய கட்டடத்தில் தங்கிக்கொண்டார்கள். நான் டீச்சர் வீட்டுக்குப் போனேன். தனியாக இருந்தால் பயத்திலேயே செத்துவிடுவார் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு விளக்கு வைக்க வேண்டியதாயிற்று. அப்படி இருட்டியது. காற்று கிழக்கிலிருந்து வந்து அந்த ஜன்னலில் நேராக அறைந்தது. பக்கத்து அறைகளில் ஓடுகள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து பறப்பது கேட்டது. எங்கள் மூன்று பேருக்கும் இருந்தது அந்த ஒரு அறைதான். எனக்கு அதுவரை காற்று தெரியும் என்ற நினைப்பு இருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அந்த நினைப்பு போய்விட்டது.

சிறிது நேரத்தில் ஜன்னல் சட்டத்தின் உள்பக்கத்தில் தண்ணீர் ஏறி, விளிம்பைத் தாண்டி, சுவரில் வழிய ஆரம்பித்தது. அது பழைய சுண்ணாம்புச் சுவர். ஊறினால் திருகாணிகள் பிடிக்காது. சட்டத்தைச் சுற்றிப் பூச்சு உப்பி உதிர்ந்தது. காற்று ஒவ்வொரு முறை அறையும்போதும் ஜன்னல் மொத்தமாக ஒரு அசைவு அசைந்தது. உம்மாவின் கட்டிலை எதிர்ச்சுவரோரம் இழுத்துப் போட்டோம். சின்ன அறை. ஜன்னல் பெயர்ந்து விழுந்தால் அந்தக் காற்றும் மழையும் நேராக அவர் மேல்தான். மூச்சுக்கு ஏற்கெனவே போராடிக்கொண்டிருந்தவர் அதில் அரை மணி நேரம்கூடத் தாங்க மாட்டார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

டீச்சர் விளக்கைத் தூக்கிப் பிடித்துச் சட்டத்தையே பார்த்தார். "தண்ணி நிக்கக் கூடாதே கஸ்தூரி. அடியில வெளிப்பக்கம் மூணு ஓட்டை இருக்குது. உள்ள வர்ற தண்ணி அது வழியாப் பூடும்னு தம்பி லெட்டர்ல எழுதியிருந்தானே. கோடையிலகூட ஒரு டம்ளர் தண்ணி ஊத்திப் பாத்தேன், போச்சே" என்றார்.

நான் உடனே சொல்லவில்லை. அதை மறைக்க மாட்டேன். உம்மா இருமி முடிக்கும் வரை, இன்னும் ஒரு முறை ஜன்னல் அசையும் வரை, வாயை மூடிக்கொண்டு நின்றேன். சுவரிலிருந்து ஒரு திருகாணி கழன்று தரையில் விழுந்தது. அப்புறம்தான் சொன்னேன். "டீச்சர், அந்த ஓட்டைய நான்தான் அடைச்சேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலை. "எதால?" என்று கேட்டார்.

"படகுப் பசையால."

"மூணுமா?"

"மூணும்."

அவர் மூலையில் கிடந்த பழைய குடையை எடுத்து ஒரு கம்பியை ஒடித்தார். நான் போகிறேன் என்று வாங்கினேன். "நீ மட்டும் போனா, உனுக்கு இன்னா ஆச்சுன்னு தெரியாம உள்ள நிக்க எனக்குப் பயம். நானும் வரேன்" என்றார். உம்மா கட்டிலிலிருந்து, "போங்க, நான் கலிமா ஓதிட்டு இருக்கேன்" என்று கையசைத்தார்.

சந்தில் நிற்க முடியவில்லை. சுவரைத் தடவித் தடவிப் போனோம். ஜன்னலுக்கு நான்கடி இருக்கும்போது கூரையிலிருந்து வந்த ஓடு ஒன்று என் காலடியில் வெடித்துச் சிதறியது. நான் உட்கார்ந்துவிட்டேன். தலையை முழங்காலுக்குள் வைத்துக்கொண்டு, "நைனா, நைனா" என்று கத்தினேன். படகில் அவரைப் பார்த்துச் சிரித்தவள் நான்தான்.

டீச்சர் என் கையிலிருந்து கம்பியைப் பிடுங்கினார். என்னைத் தாண்டிப் போனார். வாய்விட்டு ஓவென்று அழுதுகொண்டே, "யா அல்லா பயமா இருக்குதே, பயமா இருக்குதே" என்று கத்திக்கொண்டே, முதல் ஓட்டையில் குத்தினார். எங்கள் பசை லேசில் விடாது. திருகித் திருகிப் பஞ்சை இழுத்தார். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு அவர் முகத்தில் அடித்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில் கம்பி வளைந்துபோக, கொண்டையிலிருந்து ஊசியை உருவி அதால் நோண்டினார். விரலெல்லாம் ரத்தம். மூன்றும் ஓடத் தொடங்கியதும் என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உள்ளே இழுத்துக்கொண்டு வந்தார். சாயங்காலம் காற்று திரும்பி அடங்கும் வரை ஜன்னல் மீதித் திருகாணிகளில் நின்றது. உம்மா அதற்குப் பிறகும் ஆறு வருடம் இருந்தார்.

மறுநாள் விசாரிக்க வந்தவர்களிடம் டீச்சர் சொன்னது இதுதான்: "ஓட்டையில மண்ணு அடைச்சிக்கிச்சு. இந்தக் கஸ்தூரிதான் அந்தக் காத்துல வெளிய போயி குத்தி வுட்டா. குப்பத்துப் பொண்ணு இல்லியா, பயமே கெடையாது." நான் தடுக்க வாயெடுத்தேன், அவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். எல்லோரும் போன பிறகு, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"குப்பத்து ஆளு அடைச்சதாலதான் தண்ணி வந்துச்சுன்னு தெருவுல ஒரு பேச்சு வந்தா, அது உன்னோட நிக்காது. உங்க ஆளுங்க எல்லார் மேலயும் போவும். எனக்கு அந்தப் பேச்சு பயம். உனுக்கு என்னிக்காவது சொல்லணும்னு தோணுச்சுன்னா நீ சொல்லிக்க. நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

சொன்னபடியே அவர் சாகும் வரை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. அது பொய். தோன்றியது, பலமுறை. பள்ளி விழாவில் எனக்குச் சால்வை போட்டு, புயலில் நான் காட்டிய துணிச்சலைப் பற்றிப் பேசியபோதுகூடத் தோன்றியது. டீச்சர் எதிரே உட்கார்ந்து கைதட்டினார். போன் வந்த அன்று எனக்கு வந்த பயம் இதுதான்: இனி அந்த உண்மை தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

டீச்சரின் சாவு வீட்டில், பெண்கள் இருந்த அறையில், ஷகிலா என் கையைப் பிடித்துக்கொண்டு உறவுக்காரர்களிடம், "எங்க அத்தாவோட உம்மாவ அன்னிக்குப் புயல்ல காப்பாத்துனது இவங்கதான்" என்றாள். வயதான ஒரு அம்மாள் உடனே எழுந்து தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார். டீச்சரைக் கிடத்தியிருந்த இடத்திலிருந்து ஐந்தடி தூரம். நான் அதில் உட்கார்ந்தேன்.

ஷகிலா, ஓட்டைகளை அடைத்தது நான். திறந்தது உன் மாமி. நான் வெளியே உட்கார்ந்து அலறிக்கொண்டிருந்தேன். இந்த மூன்று வாக்கியங்களை எழுத எனக்கு நான்கு நாள் பிடித்தது. நீ இனிமேல் என்னோடு பேசுவாயா, குப்பத்தில் என்ன சொல்வார்கள் என்றெல்லாம் நினைக்கும்போது கை நடுங்குகிறது. நடுங்கட்டும். கை நடுங்கிக்கொண்டிருக்கும்போதே வேலையைச் செய்யலாம் என்பதை நான் அவரிடம்தான் பார்த்தேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.