மூன்றாம் நாள் பிடித்த சிறுநீர்

என் மகன் செந்திலுக்கு அந்தக் காய்ச்சல் வந்தபோது பதினான்கு மாதம். சளி இல்லை, இருமல் இல்லை, பேதி இல்லை. உடம்பு மட்டும் கொதித்தது. இடுப்புத் துணியை அவிழ்க்கும்போது நாற்றம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்ததைக் கவனித்தேன். வெயில் காலம், பிள்ளை தண்ணீர் சரியாகக் குடிப்பதில்லை என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். காரணம் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரி.

அப்போது ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். பக்கத்துக் கடைத்தெருவில் ஒரு பெண் மருத்துவர் இருந்தார். அவர் செந்திலின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கல்ச்சர் (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுக்கச் சொன்னார். சிறுநீரைக் கொடுத்த பிறகுதான் கிருமிக்கான மருந்தை ஆரம்பிக்க வேண்டும், முன்பே கொடுத்தால் சோதனையில் ஒன்றும் தெரியாது என்று பொறுமையாக விளக்கினார். அவர் விளக்கவில்லை என்று நான் சொல்ல முடியாது.

பரிசோதனைக் கூடத்துக்காரர் வாயகன்ற பாட்டில் ஒன்றைக் கொடுத்தார். துணியைப் பிழிந்து கொண்டுவரலாமா என்று கேட்டேன்.

"அத்த மட்டும் செய்யாதம்மா. துணில சோப்பு கீது, அழுக்கு கீது. நேரா பாட்டில்ல புடிச்சிகினு வா" என்றார்.

இதைப் படிக்கும் நீங்களும் இப்போது கையில் ஒரு பாட்டிலோடு உட்கார்ந்திருக்கலாம். நடக்கப்போவது உங்களுக்குத் தெரியும். முதல் நாள் காலை துணி கட்டாமல், இரண்டு காலையும் நீட்டி, பாதங்களின் மேல் அவனை உட்கார வைத்து, 'ஸ்ஸ்' என்று ஊதி ஊதி வாய் வறண்டது. குழாயைத் திறந்துவிட்டேன். அவன் காலில் தண்ணீர் தெளித்தேன். முக்கால் மணி நேரம் என் மூக்கைப் பிடித்து விளையாடினான். அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு எழுந்தேன். திரும்பி வருவதற்குள் தரை நனைந்திருந்தது. இரண்டாம் நாள் பாட்டிலைச் சரியாகத்தான் பிடித்தேன், அவன் திரும்பி என் புடவையில் பெய்தான்.

அன்று சாயங்காலம் காய்ச்சல் ஏறியது. என் கணவர் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டே, "இது ஒண்ணு உன்னால முடியலையா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது அதிகம் குத்தியது.

மூன்றாம் நாள் அவர் ஏழு மணிக்கே வேலைக்குப் போய்விட்டார். செந்தில் நான் அசந்த நேரத்தில் தூளியிலேயே நனைத்துவிட்டான். காலிப் பாட்டிலோடு நின்றேன். அப்போது ஐந்து வயது மகள் கலா, பள்ளிச் சீருடையோடு, "அம்மா, ஒண்ணுக்கு வருது" என்று பின்கட்டுக்கு வந்தாள்.

நான் யோசிக்கவே இல்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிவந்தேன். யோசித்தேன். ஒரே வயிற்றுப் பிள்ளைகள், ஒரே சோறு, பெரிதாக என்ன மாறிவிடும்? பாட்டிலைக் கொடுத்துவிட்டால் மருந்தை ஆரம்பிக்கலாம். இவ்வளவையும் யோசித்துத்தான் கலாவுக்குக் கீழே பாட்டிலைப் பிடித்தேன். அப்பாவிடம் சொல்லாதே என்றும் சொன்னேன்.

கூடத்துக்காரர் பாட்டிலை வாங்கியதும், "சூடா கீதே. இப்பத்தான் புடிச்சியா?" என்று சிரித்தார். தலையாட்டினேன். துணியைப் பிழியவில்லை என்பதில் மட்டும் நான் சுத்தம்.

கிருமி எதுவும் வளரவில்லை என்று அறிக்கை வந்தது. அப்படியானால் இது தானாக வந்து தானாகப் போகும் காய்ச்சல் என்று சொல்லி, அதற்குள் ஆரம்பித்திருந்த மருந்தை மருத்துவர் நிறுத்திவிட்டார். அறிக்கையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். காய்ச்சலும் இரண்டு நாளில் தணிந்தது. பார், ஒன்றும் இல்லை என்று நிம்மதியானேன்.

மூன்று வாரம் கழித்துத் திரும்ப வந்தது, நடுக்கமும் வாந்தியுமாக. நகரத்துப் பெரிய மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கே அடிவயிற்றில் ஊசி செலுத்தி ஒரு நிமிடத்தில் சிறுநீரை எடுத்தார்கள். அது கலங்கலாக இருந்தது. வயதான மருத்துவர் ஒருவர், இதற்கு முன் சோதனை செய்ததுண்டா என்று கேட்டார். என் கணவர் பையிலிருந்து அந்த அறிக்கையை மடிப்புக் கலையாமல் எடுத்து நீட்டினார். மருத்துவர் படித்துவிட்டு, "அப்ப இது புதுசா வந்ததுதான். சின்ன சிகிச்சை போதும்" என்று எழுதத் தொடங்கினார்.

பேனா நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது இவனோடது இல்ல டாக்டர். என் பொண்ணோடது" என்றேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "இப்பவாவது சொன்னீங்களே" என்று மட்டும் சொல்லி, அறிக்கையின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டார். என் கணவர் அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு எடுத்த படங்களில் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, ரிஃப்ளக்ஸ் (சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் சிறுநீரகத்துக்கே திரும்பி ஏறுவது). அது பிறவியிலேயே உள்ளது. இன்னொன்று, இடது சிறுநீரகத்தில் ஒரு சிறு தழும்பு. அந்த மூன்று வாரத்தில் விழுந்ததா என்று கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார் மருத்துவர். அந்த இரண்டாவது பாதியைப் பிடித்துக்கொள்ளும் தகுதி எனக்கு உண்டா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஊசிகள் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று, கலா தம்பியின் பக்கத்தில் போகாமல் கதவருகிலேயே நின்றாள். கூப்பிட்டதற்கு, "என்னோடத குடுத்ததாலதான தம்பிக்கு ஜுரம் வந்துச்சு?" என்று கேட்டாள். யாரிடமும் சொல்லாமல் இத்தனை நாள் அதை வைத்திருந்திருக்கிறாள். சொல்லாதே என்றது நான்தானே. அவளைக் கட்டிக்கொண்டு, தப்பு அம்மாவோடது, உன்னுடையது இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். என் கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அதன் பிறகுதான் அவர் என்னோடு பேசினார்.

கிருமி திரும்ப வராமலிருக்க, நான்கு வருடம் தினமும் ஒரு சிட்டிகை மருந்து. மாதம் ஒரு முறை சிறுநீர். இப்போது எனக்குப் பிடிக்கத் தெரியும். வெறும் தண்ணீரில் கழுவ வேண்டும், பால் கொடுத்துவிட்டு உட்கார வேண்டும், முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். முக்கியமாக, அடுப்பை அணைத்துவிட வேண்டும். ஒரு மணி நேரம் ஆனால் ஆகட்டும். நேரம் என்பதே எனக்கு அந்தப் பின்கட்டில் உட்கார்ந்து காத்திருப்பதுதான். வீட்டில் யார் ஒதுங்கப் போனாலும் இன்றும் என் காது அங்கே போய்விடுகிறது.

செந்திலுக்கு இப்போது பதின்மூன்று. சிறுநீர் திரும்பி ஏறுவது ஆறு வயதில் தானாகவே நின்றுவிட்டது. தழும்பு அப்படியே இருக்கிறது. அதனால் வருடத்துக்கு ஒரு முறை ரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்க்கிறோம். வெட்கப்படுகிற வயது. பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றி என் கையில் திணித்துவிட்டு வாசலில் நிற்கிறான். காகிதத்தைத் தாண்டி அந்தச் சூடு என் உள்ளங்கைக்கு வருகிறது.

அதே கூடத்துக்காரர்தான், தலை நரைத்துவிட்டது. சீட்டை எடுத்துக்கொண்டு, எல்லோரிடமும் கேட்பதுபோல, "இது யாருதும்மா?" என்று கேட்பார்.

"என் பையனோடது" என்பேன். ஒவ்வொரு வருடமும், அவர் எழுதி முடித்த பிறகு, கேட்காமலேயே இன்னொரு முறையும் சொல்லிவிட்டு வருகிறேன்.