பத்துக்கு நாலு

ஸ்டுட்கார்ட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பூங்காவில் ஒருநாள் ஒரு பெண்மணி கையில் கேமராவுடன் என்னை நோக்கி விறுவிறுவென்று வந்தார். முகத்தில் சிரிப்பில்லை. கேமராவைத் திருப்பி என்னிடம் காட்டினார். அவருடைய மகன் சறுக்கில் இறங்குகிறான், மூலையில் என் சின்ன மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். படத்தைக் கெடுத்துவிட்டாள் என்று திட்டுகிறார் போலும் என நினைத்து, "என்ட்ஷூல்டிகுங், என்ட்ஷூல்டிகுங்" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மகளை இழுத்துக்கொண்டு நகர்ந்தேன். அந்த அம்மாள் விடாமல் பின்னாலேயே வந்தார். எனக்கு ஜெர்மன் அரைகுறை. பெஞ்சில் இருந்த துருக்கிக்காரப் பெண்தான் சிரித்துக்கொண்டே எளிய வார்த்தைகளில் விளக்கினார். உங்கள் பிள்ளை என் படத்தில் வந்துவிட்டாள், வைத்துக்கொள்ளலாமா, அழித்துவிடட்டுமா என்று அவர் கேட்கிறாராம். மூக்கொழுகும் பிள்ளைக்கு இத்தனை மரியாதையா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வீடு வரும் வழியில் ஊரில் நடந்தது நினைவுக்கு வந்து அந்தச் சிரிப்பு போய்விட்டது.

சிவகாசியில் என் அண்ணன் பிளக்ஸ் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறார். காலண்டர் சீசனில் டெய்லி காலண்டர் ஆர்டர், மற்ற நாட்களில் கல்யாணம், காதுகுத்து, சடங்கு. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் ஊர் முக்கில் பத்தடி பிளக்ஸ் வைக்காமல் சடங்கு நடக்காது. பட்டுப் பாவாடையும் கண் நிறைய மையுமாகப் பிள்ளை நடுவில் நிற்கும். சுற்றிலும் தாய்மாமன்கள் கைகூப்பி வரவேற்பார்கள். பட்டாசு ஆலைக்கு வேனில் போய்த் திரும்பும் குடும்பங்களுக்கு அது ஒரு பெருமை. என் கூலியிலும் என் பிள்ளையை ராணி மாதிரி நிறுத்துவேன் என்கிற பெருமை. அதைக் கேலி செய்ய எனக்கு மனசு வராது.

கைப்பேசியில் இணையம் வராத காலம் அது. கோடை விடுமுறைக்கு ஜெர்மனியிலிருந்து ஊருக்குப் போயிருந்தேன். இங்கே ஆகஸ்ட் விடுமுறை, அங்கே தீபாவளிப் பட்டாசு லாரி லாரியாகப் போகும் நேரம். அன்று கடையில் அண்ணனுடன் பேசிக்கொண்டிருந்தபோது பேச்சியம்மாள் வந்தார். பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவர். வேனை விட்டு இறங்கி நேராக வந்திருந்தார், கைரேகையில் அலுமினியப் பொடி மினுமினுத்தது.

"அண்ணாச்சி, எம்புள்ள மாரீஸ்வரி சடங்குக்கு அடிச்சீகள்ல, அந்தப் படம் ஒங்க கம்ப்யூட்டர் பொட்டியிலதான இருக்கு? அத அழிச்சிருங்க. பயலுக அத வச்சுக் கேலி பேசுறானுகளாம். பள்ளியோடத்துக்குப் போமாட்டேன்னு மூலையில உக்காந்திருக்கா."

அண்ணன் நல்ல மனிதர். பதறிப்போய் அந்தக் கோப்பைத் தேடி எடுத்து, அவர் கண் முன்னாலேயே அழித்தார். "இந்தா பாருத்தா, போயிருச்சு." பேச்சியம்மாள் வெறும் திரையைப் பார்த்துக் கும்பிட்டார். "அப்ப நாளைக்குப் பள்ளியோடத்துக்கு அனுப்பலாம்ல?" என்று கேட்டுக்கொண்டே போனார். பிளக்ஸை இறக்கினால் ஊருக்கு முகம் மறந்துவிடும் என்று பழகியவர்கள் நாங்கள். பெட்டியில் அழித்தால் முடிந்தது என்று இரண்டு பேரும் மனசார நம்பினார்கள்.

உள்ளே மெஷின் பக்கம் அண்ணன் மகன் விக்னேஷ் நின்றான். பிளஸ் ஒன் படிக்கிறவன். அவன் தலை நிமிரவில்லை. படம் பயல்கள் கைக்கு எப்படிப் போனது என்று எனக்குப் பிடிபட்டது. மாடியில் இருந்த கம்ப்யூட்டருக்குக் கூட்டிப்போய், "காட்டுலே" என்றேன். காட்டினான். அப்போது எல்லாப் பிள்ளைகளும் பித்துப்பிடித்துக் கிடந்த ஒரு இணைய நட்புத் தளத்தில் அவன் ஒரு பக்கம் தொடங்கியிருந்தான். கடையில் அடித்த பிளக்ஸ் படங்களிலிருந்து பெண் பிள்ளைகள் வரிசையாக இருந்தார்கள். ஒவ்வொன்றின் கீழும் மதிப்பெண். மாரீஸ்வரிக்குப் பத்துக்கு நாலு. அதற்கும் கீழே ஊர்ப் பயல்கள் எழுதியிருந்ததையும் படித்தேன். ஓங்கி ஒரு அறை கொடுத்திருப்பேன், அதற்குள் அவன் வாயைத் திறந்தான்.

"அவங்க வீட்லயே ஊரு முக்குல பிளக்ஸ் வச்சாங்கள்ல அத்தை? ஊரே பாத்துச்சு. நா போட்டாத்தான் தப்பா?"

வெளிநாட்டில் இருக்கும் அத்தை என்றால் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பாள் என்று அவனுக்கு நினைப்பு. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் கண்ணில் பட்டது. "பிளக்ஸ்ல அவ மட்டுமாலே இருந்தா? மாமன்மாரு எங்க? பேரெல்லாம் எங்க?" என்றேன். "அத... வெட்டிட்டேன் அத்தை" என்றான். சுற்றி நின்றவர்களை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, பிள்ளையை மட்டும் தனியாகக் கொண்டுபோய் அந்தப் பயல்கள் கூட்டத்தின் நடுவில் நிறுத்தியிருக்கிறான். நான் அதைச் சொன்னதும் அவன் அந்தப் படத்தைத் திரும்பப் பார்த்தான்.

இந்த மதிப்பெண் புத்தி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பிரவுசிங் சென்டரில் ஒரு ஆங்கிலத் தளத்தைப் படிப்பானாம். பெண்களைப் பெரிதாக நினைத்தால் மதிக்க மாட்டார்கள், நம்பர் போட்டு வைத்தால்தான் அடங்குவார்கள் என்று அதில் இருந்ததாம். அதே பேச்சை, தன் வகுப்புப் பெண் ஒருத்தியைப் பற்றி, ஸ்டுட்கார்ட்டில் என் மகன் நண்பர்களோடு ஜெர்மன் மொழியில் பேசக் கேட்டிருக்கிறேன். அன்று ஏதோ பாடத்து மதிப்பெண் என்று நினைத்துவிட்டேன். நான் விசாவுக்கு நாயாக அலைந்து கடந்த தூரத்தை இந்த அழுக்கு ஒரு முத்திரையும் இல்லாமல் கடந்திருந்தது.

அன்று மாலையே விக்னேஷ் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டான். மாரீஸ்வரி பள்ளிக்கூடம் போனாள். ஆனால் பயல்களுக்குப் பக்கம் எதற்கு? பேர் கிடைத்துவிட்டதே. தெருவில் அவள் போனால் "ஏ நாலு" என்பார்களாம். அந்தப் படத்தைப் பார்த்தே இராத சின்னப் பயல்கள்கூடக் கூப்பிட்டார்களாம். அந்த வாரம் முடிவதற்குள் அவள் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள்.

"நா போயி நாந்தான்னு சொல்லிரவா அத்தை?" என்று அவனேதான் கேட்டான். கூடப் போனேன். பேச்சியம்மாள் வாசலில் வைத்தே கேட்டுக்கொண்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "எம்புள்ள ஒனக்கு என்னய்யா செஞ்சா?" என்றார், அவ்வளவுதான். அவன் அழுதான். உள்ளே மாரீஸ்வரி எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை.

டீச்சரிடம் நான் வந்து பேசுகிறேன், பிள்ளையை அனுப்புங்கள் என்று மன்றாடினேன். பேச்சியம்மாள் என்னைக் கோபமில்லாமல் பார்த்தார். "நீங்க நாளைக்கு ஏரோப்பிளேன் ஏறிப் போயிருவீக தாயி. அவ இந்தத் தெருவுலதான நடக்கணும்?"

அவர் சொன்னபடியே நான் போய்விட்டேன். இதை எழுதும்போதும் அந்த வெட்கம் தீரவில்லை.

ஸ்டுட்கார்ட் திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை விக்னேஷ் ஃபோனில் பேசினான். மாரீஸ்வரி இன்னும் பள்ளிக்கு வரவில்லை என்றான். பிறகு தயங்கிச் சொன்னான்.

"அந்தப் பேரச் சொல்லாதீகடான்னு பயலுககிட்ட சண்ட போட்டேன் அத்தை. இப்ப என்னயத்தான் நாலுன்னு கூப்புடுறானுக. கூப்புட்டுட்டுப் போறானுக."

அந்நேரம் என் மகனின் அறையிலிருந்து, கம்ப்யூட்டர் முன்னால் கூடியிருந்த பயல்களின் சிரிப்பு வெடித்தது. நான்கைந்து வார்த்தைகள்தான் எனக்குப் பிடிபட்டன. ஒன்று, ஒரு பெண்ணின் பெயர்.

"யாரு அத்தை, தம்பியா சிரிக்கான்? அவன்ட்ட ஃபோனக் குடுங்க. நா சொல்லுதேன்."

விக்னேஷுக்கு ஜெர்மன் தெரியாது. என் மகனுக்குத் தமிழில் சாப்பாடு கேட்க மட்டும்தான் தெரியும். இருந்தும் நான் எழுந்து நடந்தேன். கூடத்திலிருந்து ஃபோன் வயர் சுருள் பிரிந்து இழுபட்டு, மகன் அறைக் கதவுக்கு மூன்றடி முன்னால் நின்றுவிட்டது. ஒரு கையில் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு மறு கையைக் கதவுக்கு நீட்டினேன். எட்டவில்லை. "அத்தை, இருக்கீகளா?" என்று சிவகாசி கேட்டுக்கொண்டிருந்தது.