செவலைக்கு வலி வந்த நாள்

சிமெண்ட் தரையில் ஈரச் சாக்கை இழுத்துப்போகும் சத்தம். உரக்கடையில் வேலை பார்த்தவனுக்கு அது நாள் முழுக்கக் காதில் விழுகிற சத்தம்தான். ஆனாலும் இன்றைக்கும் அதைக் கேட்டால் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது. பொங்கல் கழிந்த ஒரு காலையில் எங்கள் வீட்டு நடையில் அது கேட்டது. எட்டிப் பார்த்தேன். சாக்கு இல்லை. எங்கள் நாய் செவலை, முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, பின்பாதி உடம்பை இழுத்துக்கொண்டு என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. வாலும் கூடவே இழுபட்டு வந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கல்லிடைக்குறிச்சியில் இருந்தோம். எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. கடை சாத்தியதும் வாய்க்கால் கரை, வயல் வரப்பு, ஆற்றங்கரை என்று நடந்துகொண்டே இருப்பேன். நான் முன்னால், செவலை பின்னால். ஏழு வருடம். திரும்பிப் பார்த்ததில்லை. நகச் சத்தமே போதும், எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று தெரிந்துவிடும்.

உங்கள் வீட்டிலும் ஒரு நாயோ மாடோ இப்படி விழுந்திருக்கலாம். யாரிடம் தூக்கிக்கொண்டு போவது என்று தெரியாமல் அலைந்துகொண்டிருக்கலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் அலைந்த வழியெல்லாம் சரியான வழி இல்லை.

கால்நடை மருத்துவமனை டாக்டர் முதுகை விரலால் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருப்பது) பிதுங்கித் தண்டுவடத்தை நெரிக்கிறது என்றார். ஸ்டீராய்டு ஊசி (வீக்கத்தை வற்றவைக்கும் மருந்து) போட்டார். சில வாரம் அசையாமல் கிடக்க வேண்டும். பிறகு பிசியோதெரபி (மடங்கிப்போன தசைக்கும் மூட்டுக்கும் முறையாகக் கொடுக்கும் பயிற்சி) வேண்டும்.

"அத இங்கன யாரு சார் செய்யுதா?"

"நாய்க்குனு அதப் படிச்சவங்க இந்த ஜில்லாவுல இருக்கதா எனக்குத் தெரியல. மெட்ராசுக்கு எழுதிக் கேக்கேன். அதுவரைக்கும் யாருட்டயும் கொண்டுபோயி முதுகத் திருக விட்றாதீங்க."

அசையாமல் கிடப்பது செவலைக்கான வைத்தியம். என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அடிவயிற்றை அழுத்தி மூத்திரத்தை நாங்கள்தான் வெளியேற்ற வேண்டியிருந்தது. படுக்கைப் புண் (ஒரே பக்கம் கிடப்பதால் தோல் நைந்து வருவது) வராமல் பக்கம் மாற்றிப் போட வேண்டும். மூன்று வாரத்தில் என் இடுப்பு போனது. என் மனைவி பகவதிக்கு ஏற்கெனவே தோள் இறுகிப்போய் வலது கை நெஞ்சுக்கு மேல் எழும்பாது. ஒற்றைக் கையால் பிடித்துத் திருப்புவாள்.

"டாக்டர்ட்டச் சொல்லி ஊசியப் போட்டு அனுப்பிருங்களேன்" என்றாள் ஒருநாள். "அது நம்மளப் பாக்குத பார்வை தாங்கல."

மெட்ராசிலிருந்து பதில் வரவில்லை. கடைக்கு உரம் வாங்க வந்த ஒருவர் ராதாபுரத்தில் ஓர் ஆளைச் சொன்னார். விழுந்த மாட்டை எழுப்பிவிடுவாராம். டாக்டர் சொன்னது நினைவில் இருந்தது. இருந்தும் போனேன். சும்மா இருப்பதைவிடத் தப்பாகவாவது எதையாவது செய்வது எனக்கு லேசு.

எங்கள் ஊரிலிருந்து வெளியூர்களுக்கு அப்பளம் அனுப்புகிற பெரிய ஓலைப்பெட்டியில் துணி விரித்துச் செவலையைப் படுக்கவைத்தேன். கண்டக்டர் பெட்டியைத் தட்டினார்.

"அண்ணாச்சி, என்ன, அப்பளமா?"

"நாய்."

"நாயா? என்னவே, ஒங்க ஊர்ல இப்ப இதையும் வெளியூருக்கு அனுப்புதீயளோ?"

பஸ்ஸே சிரித்தது. செவலை மூடியிடுக்கில் மூக்கை நீட்டி என் முழங்காலை நக்கியது.

ராதாபுரத்துக்காரர் வீட்டு வாசலில் பலகை இருந்தது: மாடு, குதிரை, நாய், நரம்பு எலும்பு வைத்தியம். உள்ளே சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் முத்திரையிட்ட ஒரு சான்றிதழ். அதைக் கண்டதுமே எனக்குப் பாதி நிம்மதி. முத்திரையைப் பார்த்தேன், எழுத்தைப் படிக்கவில்லை.

அவர் இடுப்பைப் பிடித்துப் பார்த்தார். "சூடு போட்டா நரம்பு முழிச்சிக்கிடும். மாட்டுக்குப் போடுத எடந்தான். கெட்டியாப் பிடியும்."

பிடித்துக்கொண்டேன். இரும்பு இடுப்பில் மூன்று கோடு இழுத்தது. உரோமம் கருகுகிற நாற்றம். நான்தான் கத்தினேன். செவலை கத்தவில்லை. என்ன நாற்றம் என்பதுபோலத் திரும்பி, தன் உடம்பையே மோந்து பார்த்தது.

அவர் இரும்பைக் கீழே வைத்துவிட்டார். "வலியே தெரியலியே இதுக்கு. தூக்கிட்டுப் போயிரும் வே. இது என் கைக்கு அடங்காது."

அவர் தண்ணீர் கொண்டுவர உள்ளே போன நேரத்தில்தான் சான்றிதழைப் படித்தேன். மாட்டுவண்டிப் பந்தயத்தில் அவருடைய காளைகள் வாங்கிய இரண்டாம் பரிசு. தண்ணீரோடு வந்தவர் நான் படிப்பதைப் பார்த்தார்.

"நான் படிச்சேன்னு ஒம்மட்ட எப்பவே சொன்னேன்? நீரும் கேக்கலியே."

கேட்கவில்லைதான்.

டாக்டர் சூட்டுப் புண்ணைத் துடைத்து மருந்து போட்டார். பிறகு இடுக்கியால் பின்னங்கால் விரலை நெரித்தார். செவலை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆழத்தில் வலி தெரிகிறதா என்று பார்க்கும் சோதனையாம் அது. "ரெண்டு மாசம் பாப்போம். அதுக்குள்ள இந்த விரல் வலிக்கலேன்னா, அதுக்கு மேல அதப் பாடுபடுத்த வேண்டாம்." வீட்டிலும் தினம் ஒருதரம் நெரித்துப் பார்க்கச் சொன்னார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் நான் நேசிக்கிற ஒன்றின் விரலை நெரித்தேன். கத்து, கத்து என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஒன்றும் இல்லை. என் விரல்தான் சிவந்தது.

ஆளைக் கண்டுபிடித்தது பகவதி. தோளுக்காகப் பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். அங்கே கையை ஏற்றி இறக்கப் பழக்குகிற சாகுல், முக்கூடல்காரர், முப்பது வயதிருக்கும். ஊசியைப் போட்டு அனுப்பிவிடச் சொன்னவள், கை மேலே போய் வலி உயிர் போகிற நேரத்தில் அவரிடம் கேட்டிருக்கிறாள்.

"தம்பி, இதே மாதிரி ஒரு நாய்க்குச் செய்வியளா?"

சாகுல் சிரித்திருக்கிறார். "நான் மனுசங்களுக்குப் படிச்சவன்க்கா. நாய் முதுகு எனக்குத் தெரியாது. அதப் பாக்குத டாக்டர், எதச் செய்யலாம் எதச் செய்யப்படாதுன்னு எழுதித் தரட்டும். ஞாயித்துக்கிழம வாரேன்."

இவ்வளவு அலைச்சலில், நாயைத் தொடும் முன்பே தனக்குத் தெரியாது என்று சொன்ன ஆள் அவர்தான். டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். முதுகைத் திருகக் கூடாது. புண் ஆறிய பிறகே தண்ணீர். காலை மடக்கி நீட்டலாம். சாகுல் அதை இரண்டு தரம் படித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

முதலில் வீட்டில் பயிற்சி. புண் காய்ந்து தோல் மூடியதும் ஆறு. தண்ணீர் உடம்பைத் தாங்கும், கால் பாரம் தெரியாமல் அசையும் என்றார். பழைய வேட்டியை வயிற்றுக்கடியில் தொட்டில்போலக் கொடுத்துத் தூக்கினோம். படித்துறையில் இறங்கியதுமே கூச்சல்.

"ஏய், மனுசன் குளிக்க எடத்துல நாயவா முக்குதீரு?"

"நோயாளிம்மா" என்றார் சாகுல்.

"அப்பம் நீரு டாக்டரோ?"

"இல்லம்மா. அதான் பயந்து பயந்து செய்யுதேன்."

கீழே மாடு குளிப்பாட்டுகிற துறைக்கு நகர்ந்தோம். உச்சி வெயிலில் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் நான் வேட்டியைப் பிடித்திருப்பேன். சாகுல் பின்னங்காலை மடக்கி நீட்டுவார். மடக்கி நீட்டுவார். செவலை அவர் முழங்கையை நக்கும்.

ஒவ்வொரு முறையும் முடிந்ததும் அவர் கரையோரம் குத்தவைத்து, ஆற்றுமண்ணை அள்ளிக் கையைத் தேய்த்து, ஏழு தடவை கழுவுவார். நாயின் எச்சில் பட்டால் தொழுகைக்கு முன் அப்படிக் கழுவ வேண்டும். எனக்குக் கூச்சமாக இருந்தது.

"சொல்லிக்கொடும், நானே செய்யுதேன். உமக்கு எதுக்குச் சங்கடம்?"

"கையில தெரியணும் அண்ணாச்சி, வாயில வராது. கழுவுனாப் போவுது." பிறகு சிரித்தார். "வாப்பாவுக்குத் தெரிஞ்சாத்தான் என்னையே ஆத்துல முக்கி எடுத்துருவாக."

ஞாயிறு அவர். மற்ற நாள் நான். மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கத் தண்ணீருக்குள் போனது. ஒன்றும் நடக்காத நாட்கள். உங்களிடம் மறைப்பானேன், வேட்டியை விட்டுவிட்டால் எல்லாருக்கும் ஓய்வு என்று ஒரு மதியம் நினைத்தேன். ஆறு பைய இழுத்துக்கொண்டிருந்தது. கை விடவில்லை. அது அன்பா, மரத்துப்போன பழக்கமா என்று இப்போதும் தெரியாது.

டாக்டர் சொன்ன இரண்டு மாதம் முடிய நான்கைந்து நாள் இருந்தது. காலையில் வழக்கம்போல் விரலை நெரித்தேன். மனசு வேறெங்கோ இருந்தது. 'வள்' என்று ஒரு கத்தல். என் மணிக்கட்டில் பல் பதிந்தது. அடுப்படியிலிருந்து ஓடிவந்த பகவதி ரத்தத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"கடிச்சிட்டா?"

"கடிச்சிட்டு."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே கண்ணைத் துடைக்க வலது கையைத்தான் தூக்கினாள்.

அதற்குப் பிறகும் எழுந்து நிற்க ஆறு வாரம் ஆயிற்று. பழைய நடை வரவில்லை. பின்பாதி ஒருபக்கம் சாய்ந்து, கொஞ்சம் குடித்தவன்போல வரும். இடுப்பில் மூன்று கோடும் உரோமம் முளைக்காமல் அப்படியே இருந்தது. தடவும்போதெல்லாம் என் கை அங்கே வந்து நிற்கும். நடப்பது என்றால் இத்தனை தசை, இத்தனை நரம்பு, இத்தனை பொறுமை என்று அதற்கு முன் நான் யோசித்ததே இல்லை. என் காலைக்கூட யாரோ நம்பிக் கொடுத்த பொருள்போல ஊன்ற ஆரம்பித்தேன். தெருக்கோடி வரை போய்வருவதே எங்களுக்கு ஒரு சாயங்காலம் ஆனது.

சாகுலுக்குத் துபாய் விசா வந்தது. சொல்லிக்கொள்ள வந்தவரை பஸ் நிறுத்தம் வரை கொண்டுவிடப் புறப்பட்டேன். கூடவே செவலையும் கிளம்பியது. பேச்சு மும்முரத்தில் என் பழைய கால் என்னை இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். நிறுத்தத்தில் திரும்பியபோது அது பாதித் தெருவில், நாக்கைத் தொங்கவிட்டு, சாய்ந்து சாய்ந்து வந்துகொண்டிருந்தது.

பஸ் வந்துவிட்டது. சாகுல் ஏறவில்லை. கண்டக்டரைக் கையமர்த்திவிட்டு, அது வந்து சேருகிற வரை நின்றார். குனிந்து, சூடுபட்ட கோடுகளின்மேல் உள்ளங்கையை வைத்து எடுத்தார். படியில் ஏறிக்கொண்டே சொன்னார்:

"அது பைய வரும் அண்ணாச்சி. நீங்க முன்னால போயிராதீங்க."